ஐம்பதாயிரம் ரூபாயும் 24 பேரும்: பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு மதிப்புரை

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஐந்துக்கு மூன்று. கழிப்பறைத் தாழ்ப்பாள், குடிநீர்க் குழாய், பாதியில் படிப்பை நிறுத்திய பிள்ளை ஆகியவற்றுக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் தயங்காமல் நாலரை போடுவேன். ஆசிரியர் பணியிடம், சுற்றுச்சுவர் என்று வந்தால் ஒன்றுக்கு மேல் போட மனம் வராது. கூட்டிக் கழித்தால் மூன்று.

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகள் ஏழாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. இருவரும் அங்கேதான் படிக்கிறார்கள். பள்ளியின் பில், வவுச்சர், சுற்றறிக்கை, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் என் கடை இயந்திரத்தில் ஏறி இறங்கித்தான் போகும். அதனால் குழுவில் சேர்வதற்கு முன்பே அந்தப் பள்ளியின் வரவு செலவில் பாதி எனக்கு மனப்பாடம். 2022-ல் தமிழ்நாடு முழுவதும் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது உறுப்பினரானேன். 2024-ல் மறுபடி அமைத்தபோதும் பெயர் கொடுத்தேன். ‘உனக்கு வேறு வேலை இல்லையா’ என்று என் மாமியார் கேட்டார். இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

பலர் இதையும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். கழகம் வேறு, குழு வேறு. குழு என்பது 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவில் பிறந்தது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுடைய பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். 2022-ல் 20 பேர் இருந்தோம், அதில் 15 பேர் பெற்றோர். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் ஆகியோரும் உண்டு. தலைவர் பெற்றோர்தான். பள்ளி நடப்பதைக் கவனிப்பது, வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது ஆகிய மூன்றும் சட்டம் தந்த வேலைகள். மூன்றாவதைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்லவேண்டும்.

முதலில் பணம். ‘சமக்ர சிக்ஷா’ என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து ஆண்டுதோறும் பள்ளி மானியம் வருகிறது. எவ்வளவு என்பதை மாணவர் எண்ணிக்கை முடிவு செய்கிறது. 30 பேர் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இந்தப் படிக்கட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நூறு பேர் படிக்கும் பள்ளிக்கு 25,000. ஒரு பிள்ளை கூடுதலாகச் சேர்ந்தால் இரண்டு மடங்கு. அதே 50,000-ஐ 101 பேர் உள்ள பள்ளி தலைக்கு 495 ரூபாயாகச் செலவழிக்கலாம். 250 பேர் உள்ள பள்ளிக்குத் தலைக்கு 200 ரூபாய்தான். நான் சேர்ந்த புதிதில் எங்கள் பள்ளியில் 138 பேர். தலைக்கு 362 ரூபாய், ஒரு முழு ஆண்டுக்கு. என் மகளின் பள்ளிப் பை ஒன்றுக்கே அதைவிட அதிகம் கொடுத்திருக்கிறேன்.

இதில் பத்து சதவீதமாவது தூய்மைப் பணிக்குப் போயாக வேண்டும். விளையாட்டுக்கு நடுநிலைப் பள்ளிக்கு 10,000 தனியாக வரும். அதைக் கதவு வாங்கப் பயன்படுத்த முடியாது. ஆக, குழு உண்மையில் ‘இது முதலில், அது பிறகு’ என்று உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கக்கூடிய பணம் 45,000 ரூபாய். அதுவும் ஒரே தவணையில் வந்து நான் பார்த்ததில்லை.

இந்த 45,000-த்தை எங்கள் குழு எப்படி எடை போட்டது என்பதற்கு ஒரு கூட்டத்தை விவரமாகச் சொன்னால் போதும். தலைமையாசிரியை ஒரு பட்டியல் கொண்டுவந்தார்: பதிவேடுகள், சுண்ணக்கட்டி, கணினி பழுது, மின்விசிறி இரண்டு. முறையான பட்டியல்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் முன்சுவருக்கு வண்ணம் பூசித் தலைவர்கள் படம் வரையவேண்டும் என்றார். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தால் பிள்ளைகளைச் சேர்ப்பார்களாம். தாய்மார்கள் பக்கம் ஒரே கோரிக்கை: பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவு இரண்டும் அடியில் இற்றுப்போய்விட்டன, தாழ்ப்பாள் இல்லை. வண்ணத்துக்கு ஒரு மதிப்பீடு தயாராகவே இருந்தது. கதவுக்கு இல்லை. அந்த ஒரே காரணத்தால் பேச்சு வண்ணத்தின் பக்கம் நகர ஆரம்பித்தது. விலை தெரிந்த பொருளுக்குக் கூட்டத்தில் ஒரு கனம் வந்துவிடுகிறது. அது முடிவெடுக்கக்கூடிய விஷயமாகத் தெரிகிறது. விலை தெரியாதது வெறும் புலம்பலாகக் காதில் விழுகிறது.

அப்போது வயல் வேலைக்குப் போகும் ஓர் அக்கா, ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எத்தனை பேர் வருவதில்லை என்று வகுப்பாசிரியரைக் கேட்டார். ஆசிரியர் பதிவேட்டை எடுத்து வந்தார். காலையில் இருக்கிற பெயர்களில் சில, பிற்பகலில் திரும்பத் திரும்ப இல்லை. எல்லாம் பெண் பிள்ளைகள். அதற்கு மேல் யாரும் வண்ணத்தைப் பற்றிப் பேசவில்லை. கடைவீதியில் உள்ள இரண்டு கடைகளில் பிவிசி கதவுக்கு விலைப்புள்ளி வாங்கி வரும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில் கதவு, தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய் முதலிடம், மின்விசிறி இரண்டாமிடம், கணினி மூன்றாமிடம். நாலரை மதிப்பெண் என்று சொன்னேனே, அது இந்த மாதிரி வேலைக்கு. பொறியாளர் வந்து ஆய்வு செய்தாலும் அந்தப் பதிவேட்டைப் புரட்டியிருப்பாரா என்பது சந்தேகம்.

நிதியைப் பற்றி மட்டும்தான் முடிவெடுக்கிறோம் என்றில்லை. கொள்கை முடிவும் உண்டு, அளவில் சிறியதுதான். என்னாலேயே ஒன்று எழுந்தது. உறுப்பினராகிவிட்ட ஒருத்தியின் கடையில் பள்ளி நகல் எடுத்துக் காசு கொடுக்கலாமா? கேட்டது நான் இல்லை, இரும்புக்கடைக்காரர் ஒருவர். அவருக்கும் அந்தக் கேள்வி ஒரு நாள் திரும்பி வரும் என்று அப்போது அவர் நினைக்கவில்லை. நல்ல சண்டை நடந்தது. ஊரில் இருப்பது இரண்டு ஜெராக்ஸ் கடை, அடுத்தது ஒன்றரை கிலோமீட்டர். கடைசியில் எழுதி வைத்தோம்: உறுப்பினர் கடையில் வாங்கும் எதற்கும் வெளியே இன்னொரு கடையின் விலையைச் சேர்த்து வைக்கவேண்டும், அந்தப் பொருள் பேசப்படும்போது அந்த உறுப்பினர் வெளியே போய் நிற்கவேண்டும். இரண்டு வரிதான். பெரிய பெரிய சங்கங்களில்கூட இது இருக்காது. மின்விசிறி மாட்டும் கொக்கி வாங்கியபோது இரும்புக்கடைக்காரர் வராந்தாவில் நின்றார். நான் உள்ளே உட்கார்ந்து டீ குடித்தேன்.

இனிக் குறைகள்.

கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில். சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது. எங்கள் பகுதி டெல்டா. நடவு, களையெடுப்பு நாளில் எந்தத் தாய் மூன்று மணிக்கு வருவார்? நூறு நாள் வேலையில் இருப்பவர்களுக்குச் செயலியில் படம் எடுத்து வருகை பதிவாகிறது. நடுவில் எழுந்து வந்தால் அன்றைய கூலி போச்சு. 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். தன் பிள்ளைக்கு ஓர் ஆண்டுக்கு வரும் மானியத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகையைக் கொடுத்துத்தான் ஒரு தாய் இந்தக் கூட்டத்துக்கு வருகிறார். வராதவர்களைப் பற்றி ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று அறிக்கையில் எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கடை வைத்திருக்கும் நான், இரும்புக்கடைக்காரர், ஓய்வுபெற்ற முன்னாள் மாணவர் ஒருவர் ஆகியோர் தவறாமல் வருகிறோம். அதனால் எங்கள் குரல் தேவைக்கு மேல் ஒலிக்கிறது. எனக்கே தெரிகிறது.

இதைச் சரிசெய்ய முந்தைய நாள் இரவு ஏழு மணிக்குச் சும்மா கூடிப் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு செய்தோம். எங்கே என்பதில் சிக்கல். கோயில் திண்ணை விசாலமாக இருக்கிறது, விளக்கு இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் ஏறி உட்காரக்கூடிய இடமாகப் பாருங்கள் என்று கீழத்தெரு அக்கா ஒருவர் மெதுவாகச் சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை. பள்ளி வராந்தாவின் சாவியைத் தலைமையாசிரியை எங்கள் தலைவியிடம் கொடுத்தார். இப்போது அங்கேதான் கூடுகிறோம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதுதான் நடக்கிறது. முடிவு வியாழன் இரவிலேயே ஆகிவிடுகிறது. விதிப்படி இது சரியா என்று கேட்டால் எனக்கு அதில் உறுத்தல் இல்லை. வியாழன் இரவு 15 பேர் வருகிறார்கள்.

பயிற்சி என்று ஒன்று தருகிறார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

செயலியைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் சொல்கிறேன். தீர்மானங்களைப் பதிவேற்ற அரசு ஒரு கைப்பேசிச் செயலி தந்திருக்கிறது. நல்ல யோசனை, எங்கள் தீர்மானம் காகிதத்தில் கிடந்து மட்கிப்போகாமல் மேலே போகிறது. ஆனால் கேட்டது என்ன என்பதைத் தயாராக உள்ள தலைப்புகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். ‘பெண் பிள்ளைகள் பிற்பகலில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்’ என்பதற்குத் தலைப்பு இல்லை. ‘கழிப்பறை பழுது’ என்பதற்கு உண்டு. காரணம் கீழேயே தங்கிவிடுகிறது, பொருள் மட்டும் மேலே போகிறது. மேலே உட்கார்ந்து வரிசைப்படுத்துகிறவருக்கு எங்கள் கதவும், கதவு நன்றாக இருந்தும் கைப்பிடி மாற்றக் கேட்கும் பள்ளியின் கதவும் ஒன்றாகத்தானே தெரியும்?

ஆசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். சட்டத்தின் அட்டவணைப்படி ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளில் வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்கவேண்டும். அறிவியலும் கணக்கும் ஒருவர், சமூக அறிவியல் ஒருவர், மொழி ஒருவர் என்று அமையவேண்டும். எங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தது. நாங்கள் தீர்மானம் போட்டோம். போட்டுக்கொண்டே இருந்தோம். நிரந்தர ஆசிரியரைப் போடும் அதிகாரம் குழுவுக்கு இல்லை, கேட்கும் உரிமை மட்டும் உண்டு. 2022 ஜூலையில் அரசு, மாநிலம் முழுவதும் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளச் சொன்னது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. பிற்பாடு இவை 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தன. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஆசிரியர் தகுதித் தேர்வில் வென்றவர்களுக்கு முன்னுரிமை என்று வழிமுறை வந்தது.

குழுவின் கையில் ஒரு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் வேலை வந்தது அந்த ஒரு முறைதான். இரண்டு விண்ணப்பங்கள். ஒருவர் உள்ளூர்ப் பெண், பி.எட். முடித்தவர், ஊர்ப் பெரியவர் ஒருவரின் உறவு. மற்றவர் தூரத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டியவர், தகுதித் தேர்வில் வென்றவர். உள்ளூர்ப் பெண் என்றால் மழை நாளிலும் வருவார், வேலையை விட்டுப் போகமாட்டார் என்று ஒரு கட்சி. அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பேச்சில் பாதி வாதம், பாதி பெரியவர் மீதான பயம். எங்கள் தலைவி வழிமுறைத் தாளை வாங்கி உரக்கப் படித்தார். தகுதித் தேர்வு என்று அதில் எழுதியிருக்கிறது, நாம் ஏன் பொல்லாப்பைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளவேண்டும் என்றார். வெளியூர்ப் பெண் வந்தார். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்தச் சம்பளத்தில் வர முடிந்தது. நன்றாகவே கற்பித்தார். பிறகு ஒரு தனியார் பள்ளியில் கூடுதலாகக் கொடுத்தார்கள், போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. சம்பளத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் நாங்கள் இல்லை. ஆள் போய்விட்ட பிறகு பிள்ளைகளுக்குப் பதில் சொல்லும் இடத்தில் மட்டும் இருக்கிறோம்.

சுற்றுச்சுவர் கதை இதைவிட மோசம். பள்ளியின் பின்பக்கம் பாசன வாய்க்கால். ஜூன் மாதத்தில் மேட்டூரில் தண்ணீர் திறந்தால் சில நாட்களில் எங்கள் வாய்க்காலில் கரை தொட்டு ஓடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பந்தை எடுக்க ஓடுவது அந்தப் பக்கம்தான். சுவர் வேண்டும் என்ற தீர்மானம், நான் உறுப்பினராவதற்கு முன்பிருந்தே பதிவேட்டில் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பாடம் நடத்துவது கல்வித் துறை. கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பில் வரும். கிராமப்புறப் பள்ளிகளுக்கு வகுப்பறை கட்டும் ‘குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம்’ அந்தத் துறையுடையது. ஆகவே கல்வி அலுவலகத்தில் கேட்டால் ஒன்றிய அலுவலகத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றிய அலுவலகத்தில், வகுப்பறை இடிந்துவிழும் நிலையில் உள்ள பள்ளிகளே பட்டியலில் காத்திருக்கின்றன, சுவர் அப்புறம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. அவர்களுக்கும் ஒரு 45,000 இருக்கிறது, சைபர்கள் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். என் வருத்தம் வேறு. எந்தப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறோம் என்பதை யாரும் சொல்வதில்லை. இருபதாவது இடம் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளின் தாய்மார்களிடம் நான் நிமிர்ந்து பேசுவேன். மானியத்திலிருந்து கொஞ்சம் எடுத்து மூங்கில் படல் கட்டியிருக்கிறோம். ஒரு மழைக்காலம் தாங்கும்.

2024-ல் இன்னொரு பாடம் கிடைத்தது. சமக்ர சிக்ஷா பணத்தில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மாதிரிப் பள்ளிகளை உருவாக்கும் பிஎம் ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால் 2024-25-க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எந்தக் கட்சிக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. கீழே எப்படித் தெரிந்தது என்று மட்டும் சொல்கிறேன்: என் கடைப் பாக்கிப் புத்தகத்தில் பள்ளியின் பெயருக்கு நேரே ஒரு பக்கம் நிறைந்தது. சுண்ணக்கட்டியைத் தலைமையாசிரியை கைக்காசில் வாங்கினார். முன்னுரிமைப் பட்டியலில் நாங்கள் பேசிப் பேசி மூன்றாமிடத்துக்குத் தள்ளிய கணினி, அந்த ஆண்டு பட்டியலிலிருந்தே விழுந்துவிட்டது. கொள்கை என்பது எங்கோ உயரத்தில் நடக்கும் வாதம் என்று எண்ணிக்கொண்டிருந்த எங்கள் குழுவில், அதற்குப் பிறகு செய்தித்தாள் படிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

நன்கொடை வாங்கலாமே என்பார்கள். வாங்குகிறோம். 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்று அரசே நன்கொடைக்கு ஒரு வழி திறந்தது. எங்கள் முன்னாள் மாணவர்கள் தாராளமானவர்கள். ஆனால் நன்கொடை கொடுப்பவருக்கு எப்போதும் திறப்பு விழா நடத்தக்கூடிய பொருள்தான் பிடிக்கும். ஸ்மார்ட் பலகை கிடைக்கும். மலக்குழி சுத்தம் செய்யப் பணம் கிடைக்காது. அந்த வண்ணப்படம் இருக்கிறதே, முன்சுவரில் தலைவர்கள் படம், அதை ஒரு முன்னாள் மாணவர் தன் செலவில் வரைந்து கொடுத்துவிட்டார். அழகாகத்தான் இருக்கிறது. எனவே எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம்: விழா எடுக்க முடியாத செலவுகளை மானியத்தில் போடுவது, மற்றதை நன்கொடைக்கு விடுவது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை.

கடைசியாகப் பள்ளி மேம்பாட்டுத் திட்டம். இந்தச் சேவையிலேயே வலுவான கருவி இது; அதிகம் பாழாவதும் இதுதான். சட்டத்தின் 22-வது பிரிவு, குழு ஒரு திட்டம் தயாரிக்கவேண்டும், அரசு தரும் மானியங்களுக்கு அந்தத் திட்டமே அடிப்படை ஆகவேண்டும் என்கிறது. மத்திய அரசின் மாதிரி விதிகள்படி அது மூன்று ஆண்டுத் திட்டம். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள், எத்தனை ஆசிரியர் கூடுதலாக வேண்டும், என்ன கட்டவேண்டும், எவ்வளவு பணம் என்று அதில் இருக்கவேண்டும். நடப்பது என்ன? சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளின் திட்டங்கள் என் கடைக்குத்தான் நகலெடுக்க வருகின்றன. சென்ற ஆண்டுத் தாளில் தேதி மேல் வெள்ளை மை தடவி, புதுத் தேதி எழுதி வருகிறது. ஒரு முறை மை காயாமலே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. துடைத்தது நான்.

இந்த முறை எங்கள் பள்ளித் திட்டத்தை வெள்ளைத் தாளில் தொடங்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். தலைமையாசிரியை முதலில் சலித்துக்கொண்டார்; அவருக்கு நிரப்ப வேறு ஆயிரம் படிவங்கள். பிறகு சேர்க்கைப் பதிவேட்டை அவரே எடுத்துவந்து எண்களைச் சொல்லச் சொல்ல எழுதினோம். இப்போது 124 பிள்ளைகள். எட்டாம் வகுப்பு முடித்து வெளியே போகிறவர்கள் ஆண்டுக்கு 21, 22 பேர். ஒன்றாம் வகுப்பில் வந்து சேர்கிறவர்கள் ஒன்பது, பத்துப் பேர். எளிய கழித்தல் கணக்கு. இரண்டே ஆண்டில் 100-க்கு வந்துவிடுகிறோம். மானியம் 25,000 ஆகிவிடும். கட்டடம் அதேதான், கழிப்பறையும் அதேதான், வாய்க்காலும் அங்கேதான் ஓடும். இன்னொன்றும் தெரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரை 64 பேர் இருப்பதால் சட்ட அட்டவணைப்படி மூன்று ஆசிரியர். அது 60-க்கு இறங்கினால் இரண்டு பேர்தான். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்று கேள்விப்பட்டதும் இருக்கிற பெற்றோரும் பிள்ளையை எடுத்துக்கொண்டு போவார்கள்.

பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று தெருத்தெருவாகப் பிரித்துக்கொண்டு விசாரித்தோம். ஆங்கில வழிக்கல்வி மோகம் என்று நான் எதிர்பார்த்தேன். தாய்மார்கள் சொன்னது வேறு. தனியார் பள்ளியில் மூன்றரை வயதிலேயே எல்கேஜியில் சேர்த்துக்கொள்கிறார்கள், வீட்டு வாசலுக்கு வேன் வருகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஒருமுறை அங்கே போன பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு இங்கே திரும்பி வருவதில்லை. தமிழ்நாட்டில் 2019-ல் அங்கன்வாடி உள்ள 2,381 நடுநிலைப் பள்ளிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். எங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. வளாகத்துக்கு உள்ளேயே அங்கன்வாடி மட்டும் இருக்கிறது.

ஆகவே திட்டத்தின் முதல் கோரிக்கையாகச் சுவரை வைப்பதா, எல்கேஜியை வைப்பதா என்று வியாழன் இரவு வராந்தாவில் வாக்குவாதம். பிள்ளை தண்ணீரில் விழுந்தால் எல்கேஜி எதற்கு என்றார் இரும்புக்கடைக்காரர். பிள்ளையே இல்லாத பள்ளிக்குச் சுவர் எதற்கு என்றார் கீழத்தெரு அக்கா. இருவர் சொல்வதும் சரி. கைதூக்கிப் பார்த்ததில் எல்கேஜிக்கு ஒன்பது, சுவருக்கு ஆறு. சுவரை இரண்டாவதாக எழுதி, வாய்க்காலின் அகலம், ஆழம், வகுப்பறை வாசலிலிருந்து எத்தனை அடி என்பதையும் அளந்து சேர்த்தோம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ‘பெறப்பட்டது’ என்ற முத்திரையுடன் நகல் கையில் இருக்கிறது. சுவர்ப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஒன்றிய அலுவலகத்துக்குத் தலைவியும் நானும் போகிறோம். கடையை மாமியார் பார்த்துக்கொள்கிறார்.